அம்மாவின் மருந்துத் துண்டில் மருந்தின் பெயர் எங்கே?

கடலோரம் | செவ்வாய், இரவு 9.12

அம்மாவுக்கு 71 வயது. பிரஷர், கொலஸ்ட்ரோல், கொஞ்சம் சீனி. பல வருடமாகக் கொழும்புப் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்தான் மருந்து எடுத்தார். விடிய ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி மத்தியானம்தான் வீடு வருவார். முழங்கால் வலி கூடியபிறகு அந்த வரிசையில் நிற்க முடியவில்லை. அதனால் போன மாதம் ஒரு தனியார் இடத்தில் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைச் சனல் பண்ணினோம்.

எங்கள் நம்பர் 23. ஏழரைக்கு என்றார்கள், ஒன்பதும் தாண்டிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய மூன்று இளைஞர்கள் நின்றார்கள், ஆளுக்கொரு கறுப்புப் பை, நம்பர் ஒன்றும் இல்லை. 14ஆம் நம்பர்காரர் வெளியே வந்ததும் ஒருவர் உள்ளே போனார், 15க்குப் பிறகு அடுத்தவர், கொஞ்சம் விட்டு மூன்றாமவர். காத்திருந்த யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோருக்கும் பழக்கம் போல. எங்கள் முறை வந்தபோது டொக்டர் அம்மாவோடு கதைத்தது மூன்று நிமிடம் இருக்கும். நல்ல மனிதர், அன்பாகத்தான் கதைத்தார். ஆனால் அவர் மேசையில் இருந்த நாட்காட்டி, பேனா வைக்கும் தாங்கி, மருந்துத் துண்டு எழுதும் பேட் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மருந்தின் பெயர். பேட்டின் மேல்மூலையில் அச்சடித்திருந்த பெயரும் அவர் அம்மாவுக்கு எழுதிய ஐந்து பெயர்களில் ஒன்று.

பாமசியில் பில்லைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. ஓய்வூதியத்தில் கால்வாசி. சரி, உடம்புக்குத்தானே என்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

நடந்ததைக் கேளுங்கள். ஐந்தாம் நாள் காலையில் அம்மா குளியலறையில் தலைசுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிரஷர் மெசினில் பார்த்தால் மேல் எண் 94. பயந்துபோய் எல்லாக் குளிசைகளையும் மேசையில் பரப்பி, அட்டையின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் போன் வெளிச்சத்தில் வாசித்தேன். புதிதாக வாங்கிய "பிரஷர் குளிசை" லொசார்டன். கிளினிக்கில் கொடுத்து இன்னும் மிச்சமிருந்ததும் லொசார்டன். பெயர் வேறு, நிறம் வேறு, அதனால் வேறு மருந்து என்று நினைத்து அம்மா இரண்டையும் விழுங்கியிருக்கிறார். ஆசிரியையாக இருந்தவர், ஆங்கிலம் வாசிப்பவர், அவருக்கே இப்படி.

மற்றவற்றையும் பார்த்தேன். கொலஸ்ட்ரோல் குளிசை அதே அடோர்வாஸ்டடின், சீனிக்கு அதே மெட்ஃபோர்மின், கூடுதலாக ஒரு விட்டமினும் ஒரு கேஸ்ட்ரிக் குளிசையும். அதாவது கிளினிக்கில் காசில்லாமல் கிடைத்த அதே மருந்தை வேறு பெயரில் காசுக்கு வாங்கியிருக்கிறோம்.

என் கேள்வி இதுதான். ஏன் துண்டில் மருந்தின் பெயரை எழுதாமல் கொம்பனி வைத்த பெயரை எழுதுகிறார்கள்? இதை யார் தீர்மானிக்கிறார்கள், டொக்டரா, அந்தக் கறுப்புப் பைக்காரர்களா?


பாமசிஅக்கா | செவ்வாய், இரவு 9.50

தம்பி, முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள். இப்போது ஒன்றை நிறுத்திவிட்டீர்கள்தானே? பிரஷரைக் காலை, மாலை எழுதி வையுங்கள், எதை எத்தனை மில்லிகிராம் எடுக்க வேண்டும் என்று டொக்டரிடம் ஒரு தரம் கேட்டு உறுதி செய்யுங்கள். லொசார்டன் இரட்டிப்பாகப் போனால் பிரஷர் இறங்குவது ஒரு பக்கம், பொட்டாசியம் ஏறும், வயதானவர்களின் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. ஒரு இரத்தப் பரிசோதனை செய்தால் நிம்மதி.

நான் தெஹிவளைப் பக்கம் 14 வருடமாகப் பாமசியில் நிற்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்ததை மாதத்தில் இரண்டு மூன்று தரமாவது பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மருந்துக்கு இரண்டு பெயர். ஒன்று பொதுப்பெயர், லொசார்டன் என்பது போல, பெரும்பாலும் உலகம் முழுக்க ஒன்றுதான். மற்றது விற்கிற கொம்பனி வைத்த பெயர். முதன்முதலில் அந்த மருந்தைக் கண்டுபிடித்தவரின் தயாரிப்பு ஒன்று இருக்கும், காப்புரிமை முடிந்ததும் யாரும் செய்யலாம், அப்படிச் செய்வதைத்தான் ஜெனரிக் என்பார்கள். இங்கே ராக்கையில் இருக்கும் பிராண்ட்களில் பெரும்பகுதி கண்டுபிடித்தவருடையது அல்ல. இந்தியாவிலோ பாகிஸ்தானிலோ பங்களாதேஷிலோ செய்து, ஒரு அழகான பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ரெப், அதாவது நீங்கள் பார்த்த கறுப்புப் பைக்காரர் மாதிரி விற்பனைப் பிரதிநிதி, வைத்து விற்பவை. ஆட்கள் "நல்ல பிராண்ட்" என்று கூடக் காசு கொடுத்து வாங்குவதும் பல நேரம் ஜெனரிக்தான், பெயர் சூட்டிய ஜெனரிக். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி அந்தப் பெயரை டொக்டரின் நினைவில் பதிக்கச் செலவழித்த காசு.

இலங்கையின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கிய அதே சட்டம், துண்டில் பொதுப்பெயரை எழுதச் சொல்கிறது. விரும்பினால் பக்கத்தில் பிராண்டையும் எழுதலாம். என் கவுண்டருக்கு வருகிற துண்டுகளில் பலவற்றில் பிராண்ட் மட்டும்தான், அதுவும் வாசிக்க முடியாத கையெழுத்தில்.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்க மாட்டேன். பத்துப் பெட்டி எடுத்தால் இரண்டு இலவசம் என்று ரெப் வருவார். இலவசம் வந்த பிராண்ட்தான் கண் மட்டத்து ராக்கையில் இருக்கும், கேட்டு வருகிறவருக்கு அதுதான் முதலில் நீளும். நான் வேலை செய்த இடங்களில் முதலாளிகள் இதை வெளிப்படையாகவே சொல்வார்கள்.


நாகமரம் | செவ்வாய், இரவு 10.31

எல்லாம் சரி, ஆனால் "எந்தப் பெயரானாலும் ஒன்றுதான்" என்று சொல்லாதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது. 2023ஐ மறந்துவிட்டோமா? கண்புரை சத்திர சிகிச்சை முடிந்தவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் போட்ட சொட்டு மருந்தால் கண்ணில் தொற்று வந்து பார்வை பாதிக்கப்பட்டதே, அது பிராண்ட் மோகத்தால் வந்ததா? அப்புறம் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து. சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்லவை 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யும் வரைக்கும் போனது அந்த விவகாரம்.

என் மாமி அந்த வருடம்தான் கண் ஒப்பரேஷனுக்கு நாள் வைத்திருந்தார். செய்தியைக் கேட்டுப் பயந்து போகவில்லை. எட்டு மாதம் தள்ளிப்போட்டு, கடைசியில் நகையை அடகு வைத்துத் தனியாரில் செய்தோம். ஒப்பரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்துப் போத்தலைக் கையில் வாங்கி, எந்த நாடு, எந்த நிறுவனம் என்று எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னார். அப்படிப் பயந்த மனுஷியிடம் போய் "மலிவானதும் அதேதான் மாமி" என்று என்னால் சொல்ல முடியாது. காசு கூடப் போனாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்த மருந்துதான் வாங்குவேன்.


பழையபை | புதன், காலை 6.05

நான் அந்தக் கறுப்புப் பைக்காரர்களில் ஒருவன், ஒன்பது வருடம். இப்போது விட்டுவிட்டேன், அதனால் எழுதுகிறேன். எந்தக் கொம்பனி என்று சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

வெளியில் இருப்பவர்கள் உறையில் காசு கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். எங்கேயாவது நடக்கலாம், நான் பார்த்த வேலை அது அல்ல, அதைவிட மென்மையானது, அதனால்தான் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. ஒரு டொக்டரை மாதத்தில் இத்தனை தரம் பார்க்க வேண்டும் என்று கணக்கு. அவருடைய பிள்ளைக்கு எப்போது சோதனை, அவருக்கு எந்தத் தேநீர் பிடிக்கும், எந்த நாளில் களைப்பாக இருப்பார் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்போம். உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். அதில் மருந்தின் பெயரை மூன்று தரமாவது சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். ஒரு சாம்பிள், ஒரு பேட், ஒரு பேனா. வருடத்தில் ஒரு தரம் நட்சத்திர ஹோட்டலில் விரிவுரையும் இராச்சாப்பாடும். நன்றாக எழுதுகிறவர்களுக்கு வெளிநாட்டு மாநாடு, டிக்கெட், அறை எல்லாம். "நன்றாக எழுதுகிறவர்" என்பது எப்படித் தெரியும்? பக்கத்துப் பாமசிக்குப் போய் இந்த மாதம் யாருடைய துண்டில் எங்கள் சரக்கு எத்தனை போனது என்று கேட்போம். சொல்வார்கள். பாமசிஅக்கா கோபிக்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் படம் போட்ட மடிப்பு அட்டை. அதில்தான் உண்மையான வித்தை இருக்கிறது. எண்கள் பொய்யாக இருக்காது. ஒரு உதாரணம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: அமெரிக்காவில் அடோர்வாஸ்டடினுக்கு, லிபிட்டோர் என்ற பெயருக்கு, வந்த விளம்பரம். மாரடைப்பு ஆபத்து 36 சதவீதம் குறைகிறது என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில், வெறும் சீனிக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 3 பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் 100க்கு 2 பேருக்கும் மாரடைப்பு வந்தது என்று போட்டிருக்கும். இரண்டும் ஒரே பரிசோதனை, இரண்டும் உண்மை. ஆனால் நூறு பேர் சில வருடம் தொடர்ந்து எடுத்தால் ஒருவர் தப்பிக்கிறார் என்று சொன்னால் கேட்பவரின் மனதில் எழும் கணக்கு வேறு, 36 என்று சொன்னால் எழும் கணக்கு வேறு. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அந்த மருந்து உயிர் காக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் போன இடமெல்லாம் 36ஐத்தான் விரலால் தொட்டுக் காட்டினேன். 3ஐயும் 2ஐயும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.


இரவுப்பணி | புதன், மத்தியானம் 1.20

அரசாங்க வைத்தியசாலையில் வேலை செய்யும் சின்ன டொக்டர் நான். கொஞ்சம் எங்கள் பக்கமும் கேளுங்கள்.

கடலோரம் அண்ணா, அந்த ஸ்பெஷலிஸ்ட் கெட்டவர் அல்ல என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்களில் யாரும் "எனக்கு ஒரு சாப்பாடு தந்தார்கள், அதனால் இதை எழுதுகிறேன்" என்று நினைத்து எழுதுவதில்லை. பேனாவில் இருக்கும் பெயர் கைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 2,80,000 டொக்டர்களின் பதிவுகளை எடுத்து ஒரு ஆய்வு வந்தது. கொம்பனி கொடுத்த ஒரேயொரு சாப்பாடு, சராசரியில் 20 டொலருக்கும் குறைவானது, அதை வாங்கியவர்களே அந்தக் கொம்பனியின் மருந்தை மற்றவர்களைவிடக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். சாப்பாடு கூடக்கூட எழுதுவதும் கூடியது. சாப்பாட்டால்தான் எழுதினார்கள் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் வாசித்த பிறகு ரெப் தந்த மதியச் சாப்பாட்டுப் பார்சலை என்னால் பழையபடி வாங்க முடியவில்லை.

அங்கே இப்படி ஆய்வு செய்ய முடிந்ததே, எந்த டொக்டருக்கு எந்தக் கொம்பனி என்ன கொடுத்தது என்று வெளியிட வேண்டும் என 2010இல் சட்டம் போட்டதால்தான். 2014இலிருந்து யாரும் இணையத்தில் டொக்டரின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இங்கே உங்கள் அம்மாவின் டொக்டரைப் பற்றி அப்படிப் பார்க்க ஒரு பக்கம் இல்லை.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறு. ரெப்பை வாசலில் நிறுத்தலாம், ஆனால் நாங்கள் படிக்கிற ஆராய்ச்சியே வடிகட்டி வந்தால்? மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி 2008இல் வெளிவந்த ஒரு கணக்கு: அமெரிக்க மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் பதிவான 74 பரிசோதனைகளில் 38 மருந்துக்குச் சாதகம், அந்த 38இல் 37 சஞ்சிகைகளில் வந்துவிட்டன. மற்ற 36இல் 22 வெளியாகவே இல்லை, 11 ஏதோ வெற்றி போல எழுதப்பட்டு வந்தன, 3 மட்டும்தான் உள்ளபடி வந்தன. அந்தச் சஞ்சிகைகளை நம்பி வாசித்த டொக்டருக்கு 10இல் 9க்கு மேல் வெற்றி என்று தெரியும், உண்மையில் பாதிக்குப் பாதி. அந்த மருந்துகள் வேலை செய்யாது என்றில்லை, எவ்வளவு செய்யும் என்பதை ஊதிப் பெருப்பித்துவிட்டார்கள்.

ஆனால் நாகமரம் சொல்வது ஆஸ்பத்திரி வார்டில் எனக்கும் நடக்கிறது. ஒரு அன்டிபயோட்டிக் போட்டு மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்காவிட்டால், கிருமியா மருந்தா என்று மனம் தடுமாறும். அந்த நேரம் பழகிய பிராண்டைத் தேடுவது பயத்தால்தான். கொம்பனிக்கு ரெப்பைவிடப் பெரிய விற்பனையாளன் எங்களுடைய அந்தப் பயம்.


வேம்பு | புதன், பின்னேரம் 4.48

இவ்வளவு மோசடி என்று தெரிந்த பிறகும் ஏன் இந்தக் குளிசைகளை விழுங்க வேண்டும்? பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் அவர்கள் உருவாக்கிய வருத்தம். என் பெரியப்பா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கறிவேப்பிலையும் வெந்தயமும்தான்.


பாமசிஅக்கா | புதன், பின்னேரம் 5.02

வேம்பு, தயவு செய்து பெரியப்பாவை இந்தக் கிழமையே பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். கொம்பனி விலையில் விளையாடுகிறது என்பதால் பிரஷர் பொய்யாகிவிடாது. நிறுத்திவிட்டுப் பாரிசவாதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் வீட்டார் என் கவுண்டருக்கு வந்து பம்பர்ஸ் வாங்குவார்கள். வெந்தயம் சாப்பிடட்டும், குளிசையை நிறுத்த வேண்டாம். லொசார்டனைப் பற்றி இங்கே யாரும் குறை சொல்லவில்லை, அதை ஏன் மூன்று மடங்கு விலைக்கு வேறு பெயரில் வாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.


கொச்சிக்கடை | புதன், இரவு 8.15

பிள்ளைகளே, எனக்கு 74 வயது. நீங்கள் கதைப்பதை எல்லாம் இந்த நாடு ஐம்பது வருடத்துக்கு முதலே கதைத்து, செய்தும் காட்டியது. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் பெயரை இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1971இல் அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அந்த வருடமே அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது, பிபிலேதான் முதல் தலைவர். யோசனை எளிது. நாட்டுக்கு உண்மையில் தேவையான மருந்து எவை என்று டொக்டர்களே உட்கார்ந்து பட்டியல் போடுவது, அவற்றைப் பொதுப்பெயரில் உலகமெங்கும் கேள்வி (டெண்டர்) கோரி மொத்தமாக வாங்குவது. தனியார் துறையில் 2,100 அளவில் இருந்த மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்தார்கள். ஒரே மருந்து இருபது பெயரில் இருந்தால் குறைக்காமல் என்ன செய்வது?

சும்மா விடவில்லை. 1974இல் வாந்திபேதி பரவியது, டெட்ரசைக்கிளின் அவசரமாகத் தேவை. கூட்டுத்தாபனம் வேறு இடத்தில் வாங்கிய மூலப்பொருளில் குளிசை செய்து தரும்படி அமெரிக்கக் கொம்பனியான பைசரின் உள்ளூர்க் கிளையைக் கேட்டார்கள், அவர்கள் செய்யவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் மருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசாங்கம் அந்தத் தொழிற்சாலையைக் கையில் எடுக்க யோசித்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமர் ஸ்ரீமாவோவிடம் பேசினார். இதை பிபிலேயே பிறகு எழுதிப் பதிவு செய்தார். 1977இல் ஆட்சி மாறியது, தனியார் இறக்குமதி திரும்பவும் திறந்துவிடப்பட்டது. அதே வருடம் செப்டெம்பரில், ஐக்கிய நாடுகளுக்காக வேலை செய்யப் போன இடத்தில், கயானாவில், அவர் இறந்துபோனார். உலக சுகாதார நிறுவனம் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அந்த வருடம்தான்.

நான் அப்போது புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளை. "கூட்டுத்தாபனத்து மருந்து வேலை செய்யாது" என்ற கதை எப்படிப் பரவியது தெரியுமா? கடைகளில், டிஸ்பென்சரிகளில், விருந்துகளில், வாயிலிருந்து வாய்க்கு. ஒரு ஆய்வுகூட அறிக்கையும் யாரும் காட்டவில்லை. கதை மட்டும் போதுமாக இருந்தது. நானும் நம்பினேன், என் மனைவிக்குக் கூட்டுத்தாபனத்து மருந்தை வாங்க மறுத்திருக்கிறேன்.


நாகமரம் | புதன், இரவு 9.03

ஐயா, உங்கள் காலத்தில் அது வெறும் கதை. 2023இல் நடந்தது கதையல்ல. அதுதானே வித்தியாசம்.

பாமசிஅக்காவிடம் ஒன்று கேட்கிறேன், கோபத்தில் அல்ல. ஜெனரிக்கில் மருந்தின் அளவு 80 சதவீதம் இருந்தாலே போதும் என்று சட்டம் விடுகிறதாமே? ஒரு டொக்டரே எனக்குச் சொன்னார். 20 சதவீதம் குறைவான மருந்தை எப்படி நம்புவது?


பாமசிஅக்கா | புதன், இரவு 10.20

இந்தக் கதையை நான் ரெப்மாரிடமிருந்து கேட்டிருக்கிறேன், டொக்டர்மாரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். பிழையான விளக்கம் அது.

குளிசைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியதல்ல அந்த 80. ஒரு குழுவினருக்கு மூல மருந்தையும் ஜெனரிக்கையும் வேறுவேறு நாளில் கொடுத்து, இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் சராசரியை மட்டும் எடுக்காமல், அந்தச் சராசரி பிசகக்கூடிய எல்லையையும் கணக்கிடுவார்கள். அந்த எல்லை முழுவதும் மூல மருந்தின் 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் இடையில் அடங்க வேண்டும். சராசரியே 80இல் இருந்தால் எல்லையின் ஒரு பாதி வெளியே போய்விடும், மருந்து தோற்றுவிடும். அமெரிக்க மருந்து அதிகாரசபை 12 வருடத்தில் வந்த 2,070 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது உடம்பில் சேர்ந்த அளவின் சராசரி வித்தியாசம் ஏறக்குறைய 3.5 சதவீதம். மூல மருந்தின் இரண்டு தொகுதிகளுக்கு இடையிலேயே அவ்வளவு வித்தியாசம் வரலாம்.

சில மருந்துகள் மட்டும் விலக்கு. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வோர்ஃபரின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டோயின், தைரொயிட்டுக்குக் கொடுக்கும் தைரொக்சின் மாதிரி அளவு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ பிரச்சினை தருபவை. இவற்றில் ஒரே தயாரிப்பிலேயே நிற்பது நல்லது, மாற்ற வேண்டி வந்தால் டொக்டருக்குச் சொல்லி இரத்தம் சோதித்து மாற்றுங்கள். மாதாமாதம் எது மலிவோ அதை வாங்குகிற விளையாட்டு இவற்றில் வேண்டாம்.

ஆனால் நாகமரம், உங்கள் பயத்துக்கு நான் சொன்னது முழுப் பதில் அல்ல என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது ஒழுங்காகச் செய்து ஒழுங்காகச் சோதித்த மருந்துக்கு. காகிதத்தில் சோதனை, பெட்டியில் வேறு சரக்கு என்றால் எந்தக் கணக்கும் நிற்காது. அதற்காகப் பெரிய பெயர் காப்பாற்றும் என்றும் இல்லை. இந்திய மருந்துக் கொம்பனி ரான்பக்ஸி எவ்வளவு பெரிய பெயர்? தரவுகளைத் திரித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 2013இல் அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் கட்டினார்கள். பெயரை நம்புவதும் சோதனையை நம்புவதும் வேறுவேறு.


கடலோரம் | வியாழன், காலை 7.30

இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நாகமரமும் கொச்சிக்கடை ஐயாவும் எதிரெதிர்ப் பக்கம் என்று முதலில் நினைத்தேன், இப்போது அப்படித் தெரியவில்லை.

மலிவு மருந்தில் ஆட்களுக்கு நம்பிக்கை போகும் ஒவ்வொரு தரமும் பெயருள்ள பிராண்டுக்கு விற்பனை கூடுகிறது. அதற்கு ரெப் வேண்டாம், மடிப்பு அட்டை வேண்டாம். ஆக, கேள்விப்பத்திரத்தில் திருடி தரமற்ற மருந்தை உள்ளே விட்டவன் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு மட்டும் கேடு செய்யவில்லை. அந்தப் பயத்தில் மாதாமாதம் கூடக் காசு கொடுக்கிற எங்கள் அம்மாமாருக்கும் மாமிமாருக்கும் சேர்த்துத்தான் செய்தான். பொதுப்பெயரில் எழுதுங்கள் என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. கொழும்பிலேயே தேசிய மருந்துத் தர ஆய்வுகூடம் இருக்கிறது. எந்தத் தொகுதி எப்போது சோதித்தார்கள், என்ன முடிவு என்று அட்டையில் இருக்கும் தொகுதி இலக்கத்தைப் போட்டு நான் போனில் பார்க்க முடிய வேண்டும். அது இருந்தால் நாகமரத்தின் மாமி போத்தலில் நாட்டின் பெயரைத் தேட வேண்டியதில்லை.

விலைக் கட்டுப்பாடு மட்டும் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை போட்டபோது அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று எனக்கு ஞாபகம். 2022இல் டொலர் இல்லாமல் போனதும் ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளின் விலையை 40 சதவீதம் கூட்டினார்கள். பெரும்பாலான மருந்தை வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் கூட்டாமலும் இருந்திருக்க முடியாது, மருந்தே வந்திருக்காது. அப்படிப்பட்ட நாட்டில் ஒரே மருந்துக்கு இருபது பெயருக்கான விளம்பரச் செலவையும் நோயாளி சுமப்பது எனக்கு ஆறவில்லை.

சனிக்கிழமை அம்மாவைத் திரும்பவும் அதே டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். நேரே கேட்கப் போகிறேன்.


இரவுப்பணி | வியாழன், காலை 8.10

கேளுங்கள் அண்ணா. "ஏன் கொம்பனி மருந்து எழுதினீர்கள்" என்று தொடங்காதீர்கள், கதவு சாத்திவிடும். நடந்ததைச் சொல்லுங்கள், இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டார், அதனால் பொதுப்பெயரையும் எழுதித் தாருங்கள் சேர் என்று கேளுங்கள். நோயாளி விழப்போனார் என்று கேட்டால் எந்த டொக்டருக்கும் மனம் இளகும். விட்டமினும் கேஸ்ட்ரிக் குளிசையும் தேவையா, எவ்வளவு நாளைக்கு என்றும் கேளுங்கள். கேட்காதவரை அவை துண்டிலிருந்து இறங்காது.


பழையபை | வியாழன், காலை 11.44

குடும்ப டொக்டரின் டிஸ்பென்சரியையும் மறக்க வேண்டாம். சின்னக் காகித உறையில் மூன்று நிறத்தில் குளிசை போட்டு, வெளியே 1-0-1 என்று மட்டும் எழுதித் தருவார்களே, அதில் எந்தப் பெயருமே இல்லை. அந்த உறையையும் நீட்டி இதில் என்ன இருக்கிறது, எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டும். என் சொந்த அக்காவுக்குப் பென்சிலின் ஒவ்வாமை, அவர் இருபது வருடமாக அந்த உறைகளை ஒன்றும் கேட்காமல்தான் வாங்கினார்.


கடலோரம் | ஞாயிறு, காலை 9.25

போய்வந்தோம். இந்தத் தரம் நம்பர் 9.

இரவுப்பணி சொன்னபடி நடந்ததைச் சொன்னேன், இரண்டு அட்டைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டையும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அம்மாவிடம், "கிளினிக்கில் என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும், மன்னியுங்கள்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. பிரஷரை நின்றபடி ஒரு தரம், இருந்தபடி ஒரு தரம் பார்த்தார். பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினையும் பார்க்க இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். விட்டமினை வெட்டினார், கேஸ்ட்ரிக் குளிசையை இரண்டு கிழமையில் நிறுத்தச் சொன்னார். மற்ற மூன்றையும் பொதுப்பெயரில் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தார். அதே பேட்டில்தான்.

அங்கிருந்து நேரே லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்கப் பாமசியான ஒசுசலவுக்குப் போனோம். வரிசை இருந்தது, அம்மா கதிரையில் உட்கார்ந்தார், நான் நின்றேன். மெட்ஃபோர்மினும் லொசார்டனும் கிடைத்தன. அடோர்வாஸ்டடின் அந்த அளவில் இல்லை, கிழமை நடுவில் வரச் சொன்னார்கள். கையில் கிடைத்த இரண்டுக்கும் முந்திய பில்லில் கொடுத்ததில் மூன்றிலொரு பங்கும் ஆகவில்லை.


நாகமரம் | ஞாயிறு, காலை 10.02

அம்மா நன்றாக இருக்கிறார் என்பது சந்தோஷம். நான் இன்னும் முழுதாக மாறவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் மாமி எடுக்கிற குளிசைகளை எல்லாம் எடுத்து வைத்துப் பின்பக்கத்தை வாசித்தேன். ஆறு அட்டைகள், நான்கு மருந்து. இரண்டு சோடி ஒன்றேதான். நாளைக்கே டொக்டருக்குப் போன் பண்ணப் போகிறேன். நீங்கள் அம்மாவுக்கு எப்படி எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.


கடலோரம் | ஞாயிறு, காலை 10.15

ஒரு கொப்பித் தாள்தான். இடப்பக்கம் பொதுப்பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். பக்கத்தில் எதற்கு, பிரஷர், சீனி என்று. அதற்குப் பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், காலையா இரவா. கடைசிக் கட்டத்தில் இப்போது வீட்டில் இருக்கும் அட்டையின் பெயரும் நிறமும், அதைப் பென்சிலில் எழுதினேன், அடுத்த மாதம் வேறு கொம்பனியாக வந்தால் அழித்துவிட்டு எழுதலாம். குளிரூட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மாமியின் போன் உறைக்குள்ளும் ஒரு பிரதி மடித்து வையுங்கள், சனலுக்குப் போகும்போது டொக்டர் உட்காரச் சொல்வதற்கு முன்னமே அதை எடுத்து நீட்டச் சொல்லுங்கள்.